கேள்வியை எழுதுவது யார்? தங்கள் பகுதியைத் தாங்களே ஆராயும் இளைஞர்கள்

நகர மேம்பாடு பற்றிய செய்திகளில் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'அப்பகுதி இளைஞர்கள் இணை ஆய்வாளர்களாகப் பங்கேற்றனர்.' படித்ததும் சில சந்தேகங்கள் வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எப்படி ஆய்வாளர்கள் ஆவார்கள்? கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கே புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்களா? இல்லை, சம்பளம் கொடுக்காமல் கணக்கெடுக்க ஆள் பிடிக்கும் வழியா?

மூன்றாவது சந்தேகம் உட்பட எல்லாமே சில இடங்களில் உண்மைதான். அசலும் இருக்கிறது, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இரண்டு முனைகளைக் கவனித்தால் போதும். ஆய்வின் கேள்வியை எழுதியது யார்? முடிவு வந்த பிறகு அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? நடுவில் வருகிற வரைபடம், புகைப்படம், செயலி, பயிலரங்கம் எல்லாம் கருவிகள். செய்திகள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே பேசுவதால்தான் குழப்பம்.

முதலில் சொற்கள்

ஒரு குடியிருப்புப் பகுதியைப் பற்றிய ஆய்வில் இளையவர் ஒருவர் மூன்று விதமாக இடம்பெறலாம்.

1. தகவல் தருபவர். கேள்வித்தாள் வருகிறது, நிரப்பிக் கொடுக்கிறார். அதற்கப்புறம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.

2. கணக்கெடுப்பவர். வேறு யாரோ தயாரித்த கேள்வித்தாளை வீடு வீடாக எடுத்துப் போகிறார். வேலை அவருடையது, கேள்வி அவருடையதல்ல.

3. இணை ஆய்வாளர். எதை ஆராய்வது, யாரிடம் கேட்பது, கிடைத்ததற்கு என்ன பொருள், அதை யாரிடம் கொண்டு போவது என்ற தீர்மானங்களில் பெரியவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசுகிறார்.

மூன்றாவது வகை ஆய்வுக்குப் 'பங்கேற்புச் செயலாய்வு' என்று பெயர். ஆராயப்படுகிற மக்களே ஆராய்கிறார்கள் என்பதால் பங்கேற்பு. நிலைமையை விவரிப்பதோடு நிற்காமல் மாற்றுவதற்காகவே செய்யப்படுவதால் செயலாய்வு. 'இளைஞர்' என்ற சொல்லுக்கு ஐக்கிய நாடுகள் சபை புள்ளிவிவரத் தேவைக்காக வைத்திருக்கும் எல்லை 15 முதல் 24 வயது வரை. 18 வயது நிறையாதவர்கள் அதே சபையின் உடன்படிக்கைப்படி குழந்தைகள். ஆகவே இத்தகைய குழு ஒன்றில் சட்டத்தின் பார்வையில் இரண்டு வகையினர் கலந்தே இருப்பார்கள். ஒப்புதல், பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிவிடும்.

எங்கிருந்து வந்தது இது

சமூகப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்க முயன்றுகொண்டே அதை ஆராய்வது என்ற எண்ணத்துக்கு 'செயலாய்வு' என்று பெயர் கொடுத்துப் பரப்பியவர் உளவியலாளர் கர்ட் லெவின். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1946ல் வந்தது. அதில் 'பங்கேற்பு' என்ற பகுதியை அழுத்தமாகச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்தவர்கள். 1977ல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா முன்னின்று நடத்திய மாநாட்டை இதன் முக்கியத் திருப்பமாகச் சொல்வார்கள். அறிவு பல்கலைக்கழகத்தில் மட்டும் பிறப்பதில்லை, உழுகிறவரிடமும் மீன்பிடிக்கிறவரிடமும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இளையவர்கள் பக்கம் வேறொரு ஓடை வந்து சேர்ந்தது. நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1970களில் யுனெஸ்கோவுக்காக அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளில் நகரத்துச் சிறுவர்கள் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு ஆய்வு நடத்தினார். அதில் கிடைத்த ஒரு முடிவு இன்றும் யோசிக்க வைக்கிறது. அர்ஜென்டினாவின் சால்டா நகரில் ஒரு எளிய குடியிருப்பில் இருந்த பிள்ளைகள் தங்கள் பகுதியை நல்ல இடம் என்றார்கள். அதைவிட எவ்வளவோ வசதி கொண்ட மெல்போர்ன் புறநகர்ப் பிள்ளைகளோ சலிப்பைப் பற்றியே அதிகம் பேசினார்கள். வீட்டின் தரத்தையும் சாலையின் அகலத்தையும் மட்டும் அளந்திருந்தால் இதற்கு நேர்மாறான முடிவுதான் கிடைத்திருக்கும். 1990களில் சுற்றுச்சூழல் உளவியலாளர் லூயிஸ் சாவ்லா தலைமையில் இந்த ஆய்வு மறுபடி தொடங்கியபோது பெங்களூரும் அதில் ஒரு களம். இந்த முறை பிள்ளைகளைக் கேட்பதோடு நிற்காமல், மாற்றத்திலும் அவர்களைச் சேர்ப்பது நோக்கமாக இருந்தது.

இதற்கிடையே சட்ட அடிப்படை ஒன்றும் உருவானது. 1989ல் நிறைவேறிய ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. 'எடை' என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள். காதில் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது.

நம் பக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் மும்பையின் 'புகார்' அமைப்பு. மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை தொடங்கியது. அங்கே இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து தங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்கிறார்கள். 'வெறுங்கால் ஆய்வாளர்கள்' என்று அவர்களை அழைப்பதுண்டு. ஆய்வு செய்வதையே ஓர் உரிமையாகப் பார்க்க வேண்டும் என்று அப்பாதுரை 2006ல் எழுதினார்: தன் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை முறையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் திறன் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்பது அதன் சாரம். அமைப்பின் பெயருக்கு இந்தியில் 'அழைப்பு' என்று பொருள். தமிழில் வேறு பொருள் தருவது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல். புகாராக இருப்பதை ஆதாரமாக மாற்றுவதுதானே இந்த வேலை முழுக்க.

ஏன் குறிப்பாக இளையவர்கள்?

உணர்ச்சிவசமான காரணங்களை ஒதுக்கிவிடலாம். 'நாளைய தலைவர்கள்' என்ற பேச்சு இங்கே எதற்கும் உதவாது. அவர்கள் இன்றைக்கே அந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

வாகனம் ஓட்டும் பெரியவர் ஒரு பகுதியைச் சாலைகளாகப் பார்க்கிறார். பதினாறு வயதுக்காரர் அதையே நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும் கடக்கிறார். கையில் காசில்லாமல் நண்பர்களோடு உட்கார எங்கே இடம் உண்டு, எந்தச் சந்தில் விளக்கு எரியாது, எந்த வாசலில் நின்றால் விரட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உயரம்கூட ஒரு ஆய்வுக் கருவிதான். வான் லியர் அறக்கட்டளையின் நகரத் திட்டம் ஒன்றின் பெயரிலேயே 95 என்ற எண் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நகரம் எப்படித் தெரியும் என்று அது கேட்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியன்னா பூங்காக்கள் நல்ல பாடம். 1990களில் அங்கே நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது பத்து வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. சிறுவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பூங்கா எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரே பெரிய திடல், அதில் பந்து விளையாடும் பையன்கள். நடைபாதைகளைக் கூட்டி, கைப்பந்து, பூப்பந்து ஆட இடம் அமைத்து, திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்த பிறகு சிறுமிகள் திரும்பி வந்தார்கள். இதை ஆராய்ந்தவர்கள் பெரியவர்கள்தான். ஆனாலும் வராமல் போன சிறுமிகளுக்குக் காரணம் முன்பே தெரிந்திருக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இளையவர்களைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. 2005ல் வேல்ஸில் ஒரு கருவி அறிமுகமானது. சுமார் 17 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கீச்சென்று ஒலி எழுப்பும். அந்த ஒலி இளம் காதுகளுக்குக் கேட்கும், வயது ஏறிய காதுகளுக்குக் கேட்காது. கடை வாசலில் இளைஞர்கள் கூடாமல் விரட்டுவதற்காகச் செய்தது. கொசு விரட்டுவது போல என்று நினைத்தார்களோ என்னவோ, கொசுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஏன் கடை வாசலில் நிற்கிறார்கள், வேறு எங்கே நிற்கலாம் என்று ஒரு வார ஆய்வு அதைவிட மலிவாக முடிந்திருக்கும்.

ஒரு சாலைக் கடப்பு: நடைமுறையில் எப்படி?

முறை புரிய ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு குடியிருப்புக்கும் அதன் நூலகத்துக்கும் நடுவே 14 மீட்டர் அகலச் சாலை. சிக்னல் இருக்கிறது. 'அங்கே கடப்பது பயமாக இருக்கிறது' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இது புகார். இதை ஆய்வாக்குவது எப்படி?

1. கேள்வியைக் கூராக்குதல். 'பயமாக இருக்கிறது' என்பதை அளக்க முடியாது. குழு உட்கார்ந்து பேசுகிறது. யாருக்குப் பயம்? எந்த நேரத்தில்? பாதி தூரம் போனதும் பச்சை அணைந்துவிடுவதாலா, முனையில் திரும்பும் வண்டிகளாலா? இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பின் கேள்வி இப்படி நிற்கிறது: 'மெதுவாக நடப்பவர் கடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை எரிகிறதா?' இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் அவசரப்பட்டுத் தன் கேள்வியைத் திணித்தால் மிச்சம் எல்லாம் கணக்கெடுப்பாகச் சுருங்கிவிடும்.

2. அளத்தல். நிறுத்துக் கடிகாரம் ஒன்று போதும். பச்சை எத்தனை நொடி என்று வெவ்வேறு வேளைகளில் நாற்பது சுற்றுகள் குறிக்கிறார்கள். 11 நொடி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் கணக்குகளில் நடை வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். 14 மீட்டருக்கு அதன்படி ஏறக்குறைய 12 நொடி வேண்டும். அதாவது சாதாரணமாக நடப்பவருக்கே மயிரிழையில் போதவில்லை. கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 17.5 நொடி தேவை. பச்சை அணையும்போது அவர் சாலையில் 9 மீட்டரைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

3. எண்ண முடியாதவர்களைத் தேடுதல். கடப்பவர்களை எண்ணலாம், கடக்காதவர்களை அங்கே நின்று எண்ண முடியாது. பயந்து நூலகம் போவதையே விட்டவர் அந்த முனைக்கு வருவதில்லை. ஆகவே வீடுகளில் கேட்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் இதைத் தவறவிடுவது சகஜம். குழுவில் ஒருவருடைய தம்பி நூலகம் போவதை நிறுத்தியிருப்பான், அதனால் அவர்களுக்கு இது முதல் நாளே தோன்றும். இணை ஆய்வாளர்கள் கொண்டுவரும் உண்மையான லாபம் இதுபோன்ற இடங்களில்தான் இருக்கிறது.

4. பொருள் காணுதல். எண்களையும் பேட்டிகளையும் பரப்பி வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று குழு பார்க்கிறது. முரண்பட்டால் அதை மறைக்காமல் எழுதுகிறது.

5. உரியவரிடம் கொண்டு போதல். போக்குவரத்துப் பொறியாளரிடம், 'பயமாக இருக்கிறது' என்று அல்ல, 'மெதுவாக நடப்பவருக்கு 6.5 நொடி குறைகிறது' என்று.

கருவிகள் பல உண்டு. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து உருவாக்கிய 'ஃபோட்டோவாய்ஸ்' முறையில், பங்கேற்பவர் தன் இடத்தைப் படமெடுத்து, அந்தப் படத்தைப் பற்றிக் குழுவில் பேசுகிறார். படத்தைவிடப் பேச்சுதான் தரவு. நடந்துகொண்டே பேட்டி எடுப்பது, கையால் வரைபடம் போடுவது, நாட்குறிப்பு எழுதுவது ஆகியவையும் பழக்கத்தில் உள்ளவை. கொல்கத்தாவில் எந்த வரைபடத்திலும் இல்லாத ரிஷி அரவிந்த காலனியைச் சிறுவர்களே சந்து சந்தாக நடந்து வரைந்தார்கள். வீடுகளுக்கு எண் போட்டார்கள். போலியோ சொட்டு மருந்துப் பணிக்கும் அது கைகொடுத்தது. தாளில் இல்லாத இடத்துக்கு எந்தத் துறையும் எதையும் ஒதுக்குவதில்லை. அதனால் அங்கே வரைபடம் போட்டதே முதல் மேம்பாட்டு வேலை.

'சின்னப் பிள்ளைகள் எடுத்த கணக்கை நம்பலாமா?'

நியாயமான கேள்வி. இதற்கு 'நம்பலாம், அவர்கள் மனசு சுத்தம்' என்று பதில் சொல்வது ஆய்வைக் கெடுக்கும். எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று பிரித்துச் சொல்வதே நேர்மை.

பலம் இருக்கும் இடம்: சக வயதுக்காரரிடம் பேட்டி. முப்பது வயது ஆய்வாளரிடம் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று முடித்துக்கொள்பவர், கூடப் படிக்கிறவரிடம் மனம் விட்டுப் பேசுவார். கேள்வியின் மொழியும் சரியாக அமையும். 'பொழுதுபோக்கு வசதிகளில் திருப்தி உண்டா' என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். 'சாயங்காலம் எங்கே போவீங்க' என்று கேட்பார்கள்.

பலவீனம் இருக்கும் இடம்: யாரிடம் கேட்பது என்ற தேர்வு. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடமே போவார்கள். குழுவில் எல்லோரும் ஒரே பள்ளி என்றால் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் கணக்கில் வரமாட்டார். பேச்சுத்திறமை உள்ளவர்களே குழுவுக்குத் தேர்வாவது இன்னொரு பிரச்சினை. ஆசிரியர் கை காட்டுகிற முதல் மூன்று மாணவர்கள் ஒரு பகுதியின் இளைஞர்கள் ஆகிவிடுகிறார்கள். முன்முடிவும் இருக்கும். சிக்னல் மோசம் என்று நம்பித்தான் அங்கே போய் நிற்கிறார்கள், ஆகவே மோசமான சுற்றுகள் மட்டும் மனதில் நிற்கும்.

இவை மூன்றுமே பட்டம் பெற்ற ஆய்வாளர்களுக்கும் வரும் நோய்கள், மருந்தும் அதேதான்: முன்கூட்டியே அட்டவணை போட்டு அளப்பது, ஒரே விஷயத்தை இரண்டு மூன்று வழிகளில் சோதிப்பது, யார் விடுபட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைப்பது. இதைக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கத்தோடு 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதுகிற திட்டங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

ஏணியும் அதன் கீழ்ப்படிகளும்

1969ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். ரோஜர் ஹார்ட் அதைத் தழுவி, 1992ல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் குழந்தைகளுக்கான ஏணியைத் தந்தார். அதிலும் எட்டுப் படிகள். கீழே உள்ள மூன்றையும் அவர் பங்கேற்பாகவே சேர்க்கவில்லை: பயன்படுத்திக்கொள்ளுதல், அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல். விழா மேடையில் திட்டத்தின் பெயர் அச்சிட்ட சட்டையோடு நிற்கும் பிள்ளைகள் இரண்டாம் படி. குழுவில் ஒரு நாற்காலி கொடுத்து, நிகழ்ச்சி நிரலைக் காட்டாமல் வைத்திருப்பது மூன்றாம் படி.

இந்த ஏணியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். மேல்படிதான் எப்போதும் சிறந்தது, பெரியவர்கள் விலகினால் நல்லது என்பது போல. ஹார்ட்டே பின்னாளில் இந்த ஏணியை அளவுக்கு மீறிப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்ற பொருளில் எழுதினார். அவருடைய எட்டாவது படி, இளையவர்கள் தொடங்கிப் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. அவர்களைத் தனியாக விட்டுவிடுவது அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது. காரணம் எளிது. சிக்னலின் நேரத்தை மாற்றும் சாவி பெரியவரிடம் இருக்கிறது. அவர் இல்லாத அறையில் எடுத்த முடிவு அந்த அறையிலேயே தங்கிவிடும்.

ஆய்வே கெடுதல் செய்யும் இடங்கள்

இந்தத் துறையைப் பற்றிய உற்சாகமான அறிக்கைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமானதாகப் படுகிறது.

'பாதுகாப்பற்ற இடங்கள்' வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தனக்குப் பயம் தரும் இடங்களில் சிவப்புப் பொட்டு வைக்கிறாள். பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம், பாலத்தின் கீழ், பூட்டிய கட்டடத்தின் ஓரம். நோக்கம்: விளக்குப் போடுவார்கள், இருக்கை போடுவார்கள். வரைபடம் கண்காட்சியில் தொங்குகிறது. வீட்டில் பார்க்கிறார்கள். 'இவ்வளவு இடத்தில் பயமா? இனிமேல் அந்தப் பக்கமே போகாதே.' விளக்கு வர ஒரு வருடம் ஆகும். தடை அன்று மாலையே வந்துவிடும். அவள் தந்த தரவு அவள் நடமாட்டத்தையே சுருக்கிவிட்டது. இதைத் தவிர்க்க அனுபவமுள்ள குழுக்கள் தனிநபர் பொட்டுகளைக் காட்டாமல் ஒன்றாகச் சேர்த்த வரைபடத்தை மட்டும் வெளியிடுகின்றன. பயம் தரும் இடங்களோடு பிடித்த இடங்களையும் சேர்த்தே வரையச் சொல்கின்றன. பெற்றோருடன் முன்கூட்டியே பேசுகின்றன.

இதே வரைபடம் வேறு கைகளுக்குப் போனாலும் சிக்கல். பயம் தரும் இடம் என்று குறித்த மூலையில் இருக்கையைப் பிடுங்கிவிட்டுக் கண்காணிப்புக் கேமரா வைத்தால், அங்கே உட்கார்ந்திருந்த அதே இளைஞர்களே வெளியேற்றப்படுவார்கள். சட்டவிரோத விற்பனை நடக்கும் இடத்தை ஒரு பிள்ளை குறித்தால், குறித்தவர் யார் என்று கண்டுபிடிப்பது சிறிய பகுதியில் கஷ்டமே இல்லை. கைபேசிப் படங்களில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும், அவற்றை நீக்காமல் வெளியிடக் கூடாது.

அப்புறம் ஒப்புதல். 18 வயதுக்குட்பட்டவர் பங்கேற்கப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு அந்தப் பிள்ளையின் சொந்த இசைவும் வேண்டும், இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதும் ஒப்புதலின் பகுதி. ஆசிரியரே திட்டத்தை நடத்தி, அவரே மதிப்பெண்ணும் போடுகிற இடத்தில் 'விருப்பத்தோடு வந்தார்கள்' என்பதற்கு அதிக மதிப்பில்லை.

ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2009ல், குழந்தைகளின் பங்கேற்புக்கு ஒன்பது அடிப்படைத் தேவைகளை வரிசையிட்டது. வெளிப்படைத்தன்மை, தன்னார்வம், மரியாதை, பயிற்சி, பாதுகாப்பு என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசித் தேவை பதில் சொல்லும் பொறுப்பு. தாங்கள் சொன்னது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது, என்ன ஆனது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்வது. மற்ற எட்டையும் செய்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

பணமும் வயதும்

ஒரே மேசையில் உட்காரும் ஆலோசகருக்கு நாள் கணக்கில் கட்டணம், இளைஞருக்குச் சான்றிதழ் என்றால் 'இணை' என்ற முன்னொட்டு பொய்யாகிறது. குடும்பத்துக்காகச் சம்பாதிக்க வேண்டிய இளைஞர் இலவச வேலைக்கு வர முடியாது என்பதால் யார் குழுவில் இடம்பெறுகிறார்கள் என்பதையும் இது கோணலாக்கும்.

வயதுப் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு பூங்காவை வடிவமைத்து, நிதி ஒதுக்கி, ஒப்பந்தம் விட்டு, திறப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். 15 வயதில் கேள்வி எழுதியவருக்குத் திறப்பு விழாவின்போது 20 ஆகியிருக்கும், வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கலாம். எனவே சிக்னல் நேரம், விளக்கு, திறந்திருக்கும் வேளை போல மாதக்கணக்கில் மாற்றக்கூடியதைப் பெரிய கோரிக்கையோடு சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

பதில் சொல்ல வேண்டியவர்

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி 2007ல், குழந்தைகள் கருத்துச் சொல்லும் உரிமையை நான்காகப் பிரித்தார்: பேச இடம், பேசும் குரல், கேட்கும் செவி, விளைவு. பெரும்பாலான திட்டங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதற்கு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயர் தொடக்கத்திலேயே வேண்டும். 'அதிகாரிகளுக்குச் சமர்ப்பிக்கப்படும்' என்பது பெயர் அல்ல.

நான்காவதைப் பணத்தாலேயே கட்டிக் காட்டியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 2014ல் தன் மூலதன நிதியிலிருந்து 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயது வரையிலானவர்களே யோசனைகள் தந்து வாக்களித்துத் தீர்மானிக்க விட்டது. இது ஆய்வு அல்ல, நிதித் தீர்மானம். ஆனால் ஆய்வு போய்ச் சேரும் இடத்தில் இப்படியொரு கதவு திறந்திருந்தால் கணக்கெடுப்புக்கே வேறு தீவிரம் வந்துவிடும்.

எல்லா அலுவலகமும் சம்மதிக்காது, சம்மதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். நம் சாலை எடுத்துக்காட்டில் பொறியாளர் இப்படிப் பதில் தருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்: 'பச்சையை 6.5 நொடி கூட்டினால் காலை வேளையில் வாகன வரிசை அடுத்த சந்திப்பு வரை நீளும்.' இது சரியாகவும் இருக்கலாம், வழக்கமான சாக்காகவும் இருக்கலாம். எதுவென்று தெரிய, வரிசையில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வரிசை கரைகிறது என்று பார்க்க வேண்டும். குழுவுக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது. மறுநாள் காலை அதே முனையில், அதே நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்கிறார்கள். இந்த முறை முகம் சாலைப் பக்கம் இருக்கிறது, எண்ணுவது வண்டிகளை.